அந்த அரை வோல்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஃபியூயல் செல் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். சேலத்தில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்திருக்கிறேன். செவ்வாப்பேட்டையில் அப்பாவுக்குக் கொலுசுக்கு வெள்ளி முலாம் போடும் பட்டறை. மின்வேதியியலில் பி.எச்டி. செய்ய எனக்கு ஆசை. “இன்னும் அஞ்சு வருசம் படிச்சு அப்படி என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?” என்கிறார் அப்பா. எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு மின்கலத்தை வைத்துக்கொண்டு ஒருவர் வாழ்நாள் முழுக்க அப்படி என்னதான் செய்வார்?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

ஃபியூயல் செல் என்பது ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் சேர்த்து மின்சாரம் எடுக்கும் கலம். அவை சேர்ந்து நீராகும்போது ஒரு கலம் தர வேண்டியது 1.23 வோல்ட். வேலை வாங்கும்போது கையில் கிடைப்பது 0.6, மிஞ்சினால் 0.7. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. வில்லியம் குரோவ் 1839இல் இந்தக் கலத்தைச் செய்துகாட்டினார். இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் நடப்பது பெரும்பாலும் அந்த அரை வோல்ட்டைத் தேடும் வேலைதான். என் இருபத்தாறு வருடங்களும் அதற்குத்தான் போயின.

இழப்பில் பெரும்பங்கு ஆக்ஸிஜன் பக்கம். ஹைட்ரஜன் பிளாட்டினத்தைத் தொட்டதும் பிரிந்துவிடும். ஆக்ஸிஜன் மூலக்கூறோ நான்கு எலக்ட்ரான்களை வாங்கியாக வேண்டும், லேசில் இணங்காது. பிளாட்டினத்தைச் சில நானோமீட்டர் துகள்களாக்கிக் கரித்தூளின்மேல் பரப்புகிறோம். குறைத்துப் போட்டால் வோல்ட் இறங்கும், கூட்டிப் போட்டால் விலை கட்டாது.

சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி. உள்ளங்கைக்குள் அடங்கும் கலம், 25 சதுர சென்டிமீட்டர். 0.65 வோல்ட்டில் அசையாமல் நின்றிருந்த அளவு விடியற்காலை இரண்டரைக்குச் சரியத் தொடங்கியது. 0.6, 0.52, 0.4. வினையை நடத்திவைக்கும் பிளாட்டினம் செத்துவிட்டது, மூன்று மாத உழைப்பு போயிற்று என்று உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஏதோ தோன்றி, காற்று வெளியேறும் குழாயை விரலால் சுண்டினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்து விழுந்தது. அளவு மடமடவென ஏறியது. கலம் தானே உண்டாக்கிய நீர், தனக்கு வரும் காற்றையே அடைத்திருக்கிறது. அந்த நீரை ஒரேயடியாக வடித்துவிடவும் முடியாது. கலத்தின் நடுவில் இருக்கும் மெம்பிரேன் என்ற மெல்லிய படலம் காய்ந்தால், ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த புரோட்டான் அதன் வழியே நகராது. அந்த ஒரு சொட்டின் பின்னால் நான்கு வருடம் அலைந்தேன். என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் அவை.

இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும். ரெக்டிஃபையரில் கரண்டை ஏற்றினால் முலாம் கருகிவிடும் என்று அவருக்குத் தெரியும். கரைசலில் இருக்கும் வெள்ளி அயனி கொலுசுக்கு வந்து சேரும் வேகத்தை மின்சாரம் மிஞ்சிவிடுவதுதான் காரணம். என் கலத்துக்கு அன்று ஆக்ஸிஜன் வந்து சேரவில்லை. அவர் தொட்டியில் வெள்ளி வந்து சேரவில்லை. கணக்கும் ஒன்றே. 96,485 கூலும் மின்னூட்டம் பாய்ந்தால் சுமார் 108 கிராம் வெள்ளி படியும். அதே மின்னூட்டத்தைத் தர எங்கள் கலத்துக்கு 1 கிராம் ஹைட்ரஜன் போதும்.

நம் பக்கத்துக்கு இது புதிய தொழிலும் அல்ல. ஏற்காட்டிலிருந்து இறங்கிய பாக்சைட் மேட்டூரில் அலுமினியமானது மின்னாற்பகுப்பால்தான். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. 2024 ஜனவரி 1 அன்று போன பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் இஸ்ரோ ஃபியூயல் செல் ஒன்றை ஏற்றி விண்வெளியில் சோதித்தது.

வீட்டில் பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவதுதான் இதைவிடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதை நீங்கள்தான் வாய்விட்டுப் பேச வேண்டும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். முலாம் போடுமுன் ஒரு கொலுசை எடை போடுங்கள். எத்தனை ஆம்பியர், எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொண்டு, எடுத்துக் கழுவி உலர்த்தி மறுபடி எடை பாருங்கள். 1 ஆம்பியர் 1 மணி நேரம் ஓடினால் 4 கிராம் வெள்ளி ஏறியிருக்க வேண்டும். குறைந்தால் அது எங்கே போனது என்று அப்பாவும் நீங்களுமாகத் தேடுங்கள். கிடைத்த எண்களை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.