பழைய பாடி பில்டர்கள் தூக்கிய எடையைப் பார்த்து உந்துதல் எடுப்பது சரியா, தண்டால் பஸ்கியே போதுமா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. ரோனி கோல்மேன், ஃபிராங்கோ கொலம்பு இவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் ஜிம்முக்குக் கிளம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் "அதெல்லாம் ஆபத்து, தண்டாலும் பஸ்கியும் (உட்கார்ந்து எழுவது) போதும்" என்கிறார்களாம். வயதைச் சொல்லவில்லை, இருபத்தைந்துக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். ஜிம்மில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். நீங்கள் தூக்கும் எடை முதல் ஆறு மாதம் மளமளவென்று ஏறி, இப்போது ஒரே இடத்தில் நின்றிருக்கும். அந்த நேரத்தில்தான் இந்த வீடியோக்கள் நம்மைப் பிடித்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் ஆனது.

உந்துதல் எடுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அவர்கள் தூக்கிய எடையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் செய்ததை விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். 2013-ல் எனக்கு 31 வயது. வேலை முடிந்து ராத்திரி எட்டரைக்கு ஜிம்முக்குப் போவேன். கோல்மேனை எல்லோருக்கும் தெரியும். டெக்சாஸில் ஆர்லிங்டன் ஊரில் போலீஸ்காரராக இருந்தவர், 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா என்ற பாடி பில்டிங் பட்டம் வாங்கியவர். 800 பவுண்டு, அதாவது 363 கிலோவை டெட்லிஃப்டில் (தரையில் கிடக்கும் பாரைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது) இரண்டு முறை தூக்குவார். ஆனால் என் ஆள் ஃபிராங்கோதான். சார்டினியாத் தீவில் பிறந்தவர், முன்னாள் குத்துச்சண்டை வீரர், 1976-லும் 1981-லும் மிஸ்டர் ஒலிம்பியா. உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். நானும் அதே உயரம். அந்த உடம்பை வைத்துக்கொண்டு 340 கிலோ தூக்கியிருக்கிறார் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. குள்ளம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே வளர்ந்தவனுக்கு அது என்ன செய்யும் என்று உயரமானவர்களுக்குப் புரியாது.

நாலே மாதத்தில் டெட்லிஃப்டில் 100 கிலோவிலிருந்து 140-க்குப் போனேன். என் எடை அப்போது 68. பெல்ட் கிடையாது, வார்ம்-அப் என்று இரண்டு முறை கையைச் சுழற்றுவதோடு சரி. அன்று 140-ல் மூன்றாவது ரெப், அதாவது மூன்றாவது முறை தூக்குகிறேன். பார் முழங்காலைத் தாண்டவில்லை. முதுகு வளைவது எனக்கே தெரிந்தது, ஆனாலும் விடவில்லை. இடுப்புக்குள் ஈரத்துணியைக் கிழித்த மாதிரி ஏதோ போனது. பாரைப் போட்டுவிட்டு மண்டியிட்டேன். கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி, முகத்துக்கு நேரே கறுப்பு ரப்பர் விரிப்பு, அதன் நெடி, இவை மட்டும் இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கின்றன. யாரோ பாட்டை நிறுத்தினார்கள். ஆட்டோவில் உட்கார முடியாமல் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்தபடி வீடு வந்தேன்.

கீழ் முதுகெலும்பில் எல்4, எல்5 எலும்புகளுக்கு இடையே டிஸ்க் பிதுங்கியிருந்தது. இரண்டு மாதம் வேலை இல்லை. பட்டறையில் வேலை செய்தால்தான் கூலி. மனைவியின் வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படுத்துக் கிடந்த நாட்களில்தான் நிதானமாகப் படித்தேன். ரெக் பார்க் என்று ஓர் ஆங்கிலேயர். 1951, 1958, 1965 என்று மூன்று முறை மிஸ்டர் யுனிவர்ஸ். நடிகரும் பாடி பில்டருமான அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர் சிறு வயதில் ஆதர்சமாக வைத்திருந்தது இவரைத்தான். இன்று எல்லோரும் சொல்லும் ஐந்து செட் (சுற்று), ஒவ்வொன்றிலும் ஐந்து ரெப் என்ற முறையைப் பரப்பியவர். 1960-ல் அவர் எழுதிய திட்டத்தில் ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் வரியில் என்ன இருக்கிறது தெரியுமா? முதுகுக்கான பயிற்சி. சாய்வுப் பலகையில் இடுப்பை வைத்து, வெறும் உடம்பை மடக்கி நிமிர்த்துவது, பத்துப் பத்தாக மூன்று செட். ஐந்து செட்டிலும் முதல் இரண்டு, எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு போகும் வார்ம்-அப். கடைசி மூன்றுதான் முழு எடை. அந்த மலை மாதிரி மனிதருக்கே இவ்வளவு முன்னேற்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

மறுபடி பட்டறைக்குப் போனபோது எங்கள் மேஸ்திரி கூப்பிட்டார். அப்போது அவருக்கு 58 வயது. சின்ன வயதில் தேகப்பயிற்சி சாலையில் கர்லாக்கட்டை சுற்றியவர். செயின் புல்லி மாட்டும் கர்டரைக் காட்டி, "தம்பி, அதைப் பிடிச்சுத் தொங்குங்க பார்க்கலாம்" என்றார். பதினோரு நொடி. விரல் தானாகவே விட்டுவிட்டது. பிடி நழுவாமல் இருக்க வாரைக் கையில் சுற்றிக்கொண்டு 140 கிலோ தூக்கியவனுக்குச் சொந்த உடம்பைப் பன்னிரண்டாவது நொடி தாங்கத் தெம்பில்லை. அடுத்து அவர் தொங்கினார். ஒரு நிமிடம் தாண்டியும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் போறப்போ தினமும் தொங்கிட்டுப் போங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். தொங்குவது, பிறகு பஸ்கி, பிறகு சுவரில் கை ஊன்றித் தண்டால், பிறகு தரையில். வடக்கே தண்ட், பைட்டக் என்று மல்லர்கள் செய்வதைத்தான் நாம் தண்டால், பஸ்கி என்கிறோம். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப்ஸுக்கு அர்னால்ட் சொன்ன வழியையே பிடித்துக்கொண்டேன்: எத்தனை செட் என்று எண்ணாதே, மொத்தம் ஐம்பது வரும்வரை இரண்டு, மூன்று என்று எடுத்துக்கொண்டே இரு. அவரே ஆரம்ப காலத்தில் ஆஸ்திரியாவில் தாலர்சே ஏரிக்கரையில் மரக்கிளையில் தொங்கித்தான் புல்-அப்ஸ் எடுத்திருக்கிறார். எனக்கு முதல் ஐம்பதுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆனது.

அந்த மாதங்களில் என்னை நிமிர்த்தி வைத்தவர் மனோகர் ஐச். வங்காளி. உயரம் நாலடி பதினோரு அங்குலம். பிரிட்டிஷ் விமானப்படையில் வேலை பார்த்தபோது ஆங்கிலேய அதிகாரியை அறைந்துவிட்டுச் சிறைக்குப் போனவர். சிறையில் எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம்கூட உடற்பயிற்சி செய்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1951-ல் லண்டனில் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தன் பிரிவில் இரண்டாம் இடம். ஊர் திரும்பாமல் அங்கேயே ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டு, 1952-ல் நாற்பது வயதில் உயரம் குறைந்தோர் பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் வாங்கினார். சாப்பாடு சோறு, பருப்பு, மீன், காய்கறி, பழம், பால். 2016-ல் 104 வயதில் இறந்தார். அவர் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இப்போதும் என் டூல்பாக்ஸ் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

"அவர்களெல்லாம் ஊசி போட்டவர்கள்" என்று யாராவது வரும் முன் நானே சொல்லிவிடுகிறேன். அர்னால்ட் ஸ்டீராய்டு எடுத்ததை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் மறைக்கவில்லை. ஆனால் பளு தூக்குபவர்களிடையே பரவிய டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சந்தைக்கு வந்ததே 1958-ல்தான். ஐச் பட்டம் வாங்கி ஆறு வருடம் கழித்து. இன்னொரு பக்கம், கோல்மேன் இன்று முதுகிலும் இடுப்பிலும் பல அறுவை சிகிச்சை முடிந்து நடக்கவே சிரமப்படுகிறார் என்பதைக் காட்டி, எடை தூக்குவதே பாவம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் வருத்தப்படவில்லை என்றுதான் சொல்லிவருகிறார். உலகத்தின் உச்சிக்குப் போக அவர் கொடுத்த விலை அது. எட்டு மணி நேரம் லேத் முன்னால் நிற்க வேண்டிய என்னால் அந்த விலையைக் கொடுக்க முடியாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை, எழுதுகிறேன். பட்டறையில் ஞாயிறு விடுமுறை என்பதால், அன்றும் தொங்குவதற்காக, முன்பு குடியிருந்த வாடகை வீட்டில் பாத்ரூம் கதவுக்கு மேலே ஒரு பார் மாட்டினேன். நாலு ஸ்க்ரூ. காலி செய்யும்போது நானே சிமெண்ட் வைத்து அடைத்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் அறுபதாயிரம் அட்வான்ஸில் பதினைந்தாயிரம் பிடித்துக்கொண்டார். நாலு ஓட்டைக்கு! வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை தனியாக. ஏழு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் ஐந்தாம் தேதிக்குள் வாடகை கொடுத்தவன் நான். எதற்கும் ரசீது கிடையாது, கேட்டால் "வேற எங்கயாச்சும் போய்ச் சொல்லுங்க" என்கிறார். உழைத்துச் சேர்த்த பணம் இப்படிப் போகும்போது யாரிடம் போய் நிற்பது? வாடகைக்கு இருப்பவர்கள், ஓட்டை போடாமல் நிலைக்கட்டையில் மாட்டும் பாராக வாங்குங்கள்.

இப்போது எனக்கு 43. ஒரே மூச்சில் 14 புல்-அப்ஸ், 60 தண்டால், 100 பஸ்கி. வாரம் இரண்டு நாள் எடையும் தூக்குகிறேன், முதுகுப் பயிற்சி முடித்த பிறகுதான். டெட்லிஃப்டில் 110 கிலோ, ஐந்து ரெப், முதுகு நேராக. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இரண்டரை கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. ஃபிராங்கோவின் வீடியோவை இன்றும் பார்க்கிறேன், இன்றும் சிலிர்க்கிறது. எனக்குச் சரிப்பட்டதைச் சொன்னேன், நான் கோச் கிடையாது. ஏற்கெனவே முதுகுவலி இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் எவ்வளவு டெட்லிஃப்ட் செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நொடி தொங்க முடியும் என்று எழுதவில்லை. கையில் வார் எதுவும் சுற்றாமல் இன்றைக்கே தொங்கிப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.