பினாங்கில் குடும்ப வன்முறையைத் தடுக்க அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்? இந்த உதவிப் பணியையே தொழிலாக்க என்ன படிக்கலாம்?

அடி விழும் சத்தம் கேட்டால் அவசர எண் 999ஐ அழையுங்கள். ஆபத்து உடனடியாக இல்லையென்றால் தாலியான் காசே என்ற அரசு உதவி எண் 15999, இருபத்துநான்கு மணி நேரமும். நல்லெண்ணத்தில் பலர் செய்யும் தவறு, கணவரிடம் நேரே போய்க் கேட்பது. "நீதான் வெளியே சொன்னாய்" என்று அன்றிரவே மனைவிக்கு இன்னும் அடி விழும். மனைவி தனியாக இருக்கும்போது அவரிடம் பேசுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம் ஆகியவற்றை நம்பகமான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அடிப்பவர் மீண்டும் வன்முறை செய்வதைத் தடைசெய்யும் அவசரப் பாதுகாப்பு ஆணைக்கு சமூகநலத் துறையில் விண்ணப்பிக்க போலீஸ் புகார் தேவையில்லை. விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் ஆணையைத் தரவேண்டும். ஆனால் 7 நாள்தான் செல்லும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அதற்குள் போலீஸ் புகார் செய்து, நீதிமன்றத்தில் இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு ஏற்பாடு செய்யவேண்டும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு. மருத்துவப் பதிவு பின்னால் சாட்சியாகும்.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாதவர்களுக்கும் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் பொருந்தும். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

தொழிலுக்கு: பினாங்கிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) சமூகப்பணிப் பட்டம் உண்டு. உளவள ஆலோசகர் (கவுன்சிலர்) ஆக, 1998ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டப்படி பதிவும் தொழில் சான்றிதழும் கட்டாயம். குறுகிய காலப் பயிற்சிச் சான்றிதழ் போதாது. முதலில் 1985இல் பினாங்கில் தொடங்கிய விமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச் என்ற பெண்கள் உதவி அமைப்பு போன்ற ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்து பாருங்கள். மலாயோடு தமிழும் சரளமாகப் பேசுவது இந்த வேலையில் பெரிய பலம்.