முழு செட்டாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

நான் இருக்கும் ஊரின் பெயர் லாயாங் லாயாங். மலாயில் அதற்குப் பட்டம் என்று பொருள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் மாவட்டத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ரயில் நிலையமும் சில வரிசைக் கடைகளும் உள்ள சிறிய ஊர். இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரம்தான். ஆனாலும் இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு, பட்டத்தின் இழுவையில் கடலில் ஓடும் கைட் சர்ஃபிங் பற்றியவை. தோட்டத்துப் பிள்ளைகள் கடலுக்கு ஆசைப்படுவது எனக்கு மகிழ்ச்சி. அவர்கள் பணத்தை இழக்கக் கூடாது, உடம்பையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இந்தப் பகுதியை முழுவதும் இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை செய்கிறேன். போன ஜனவரியில் குவாந்தான் பக்கம் பாலோக் கடற்கரையில் ஒருவரைப் பார்த்தேன். சர்ஃப் பலகையில் காலைக் கட்டாமல் நின்று, பட்டம் இழுக்க இழுக்க அலைமேல் ஏறி இறங்கினார். எனக்கும் அதே போல் ஓட வேண்டும். இணையத்தில் ஒருவர் 12 சதுர மீட்டர் பட்டம், பார் (பட்டத்தைத் திருப்பும் கைப்பிடிக் கம்பி), ஹார்னஸ் (இடுப்புப் பட்டை), சர்ஃப் பலகை எல்லாம் சேர்த்து 2,800 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார். இன்றைக்குள் 500 வெள்ளி முன்பணம் கட்டினால் எனக்கென்று எடுத்துவைப்பாராம். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. முன்பணம் போடாதீர்கள். அந்தப் பணத்தை முதலில் பயிற்சிக்கு வையுங்கள்.

நீங்கள் பார்த்தவர் பல பருவங்கள் பழகியவர். தொடங்குபவர்கள் ஓடுவது அந்தப் பலகையில் அல்ல. இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும், காலை மாட்டிக்கொள்ள வார் இருக்கும், ட்வின் டிப் என்ற பலகையில்தான் எல்லாரும் தொடங்குகிறார்கள். அதில் இடப்பக்கம் ஓடிவிட்டு, காலை மாற்றாமலே வலப்பக்கம் திரும்பி ஓடலாம். சர்ஃப் பலகைக்கு முன், பின் உண்டு. ஓட்டத்திலேயே கால் மாற்றித் திரும்பப் பழக வேண்டும். விழுந்தால் பலகை தனியாகப் போய்விடும், வெள்ளை நுரை அதைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். கயிற்றால் காலோடு கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். பட்டம் இழுக்கும்போது அந்தக் கயிறு இழுபட்டு, பலகை ரப்பர் வில்லிலிருந்து கிளம்பியது போல் வந்து தலையில் அடிக்கும். பலகையே இல்லாமல், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பாலேயே தண்ணீரைக் கிழித்துக் காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் அதை எடுத்து வருவதுதான் வழி. பாடி டிராகிங் என்ற இந்தப் பாடம் வராத ஒருவருக்கு சர்ஃப் பலகை இருந்தும் பயனில்லை.

அலை இன்னொரு கஷ்டம். அலை உங்களைப் பட்டத்தை நோக்கித் தள்ளும்போது இருபது மீட்டருக்கு மேல் நீளமுள்ள கயிறுகள் தொய்ந்துவிடும். தொய்ந்தால் பட்டம் விழும். உடைகிற அலையில் விழுந்த பட்டத்தைக் கடல் உருட்டும், துணி கிழியும், கயிறு காலில் சுற்றும். அலைக்கென்று செய்யும் பட்டங்கள் எடை குறைந்தவை, பெரும்பாலும் காற்று ஊதும் மூன்று குறுக்குக் குழாய்களோடு வருபவை. கயிறு தொய்ந்தாலும் காற்றோடு மிதந்து நிற்கும்படி வடிவமைத்திருப்பார்கள். 12 சதுர மீட்டர் பட்டம் நம் நாட்டு லேசான காற்றுக்கு நல்லதுதான். ஆனால் மெதுவாகத் திரும்பும். அலையில் சட்டென்று திருப்ப அதைவிடச் சிறியதைத்தான் பழகியவர்கள் தேடுவார்கள். ஆக, அந்த செட்டில் இருப்பவை இப்போது உங்களுக்குப் பொருந்தாது, பிறகு உங்கள் ஆசைக்கும் பொருந்தாது.

ஒருவர் தனியாகப் பலகையில் எழுந்து ஓடப் பொதுவாக 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி தேவைப்படும். அந்த நேரம் முழுவதும் பள்ளியின் பட்டமும் பலகையும்தான். உங்கள் எடைக்கு எது சரி, எது கைக்கு வரும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் முதலில் உங்கள் இடுப்புக்குச் சரியான ஹார்னஸ் வாங்குங்கள். பட்டம் பிறகு. சர்ஃப் பலகை கடைசியில்.

பிறகு ஒரு நாள் பழைய பட்டம் பார்க்கப் போவீர்கள், அதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இழுவையை ஏறத்தாழ முழுவதும் குறைக்கக்கூடிய ‘போ’ (வில்) வகைப் பட்டம் சந்தைக்கு வந்தது 2005-இல். அதற்கு முந்தைய பட்டத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பாரை விட்டாலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். அவசரத்தில் கழற்றும் குயிக் ரிலீஸுக்கு ஐஎஸ்ஓ 21853 என்ற தரம் 2020-இல் வந்தது. அந்த எண் பாரில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பட்டத்தை நிழலில் விறைப்பாக ஊதச் சொல்லுங்கள். வெயிலில் வேண்டாம், உள்ளே காற்று சூடாகி வெடித்துவிடலாம். காலையில் பசியாறப் போகுமுன் ஊதிவிட்டு மதியம் வந்து அழுத்திப் பாருங்கள். தொய்ந்திருந்தால் உட்குழாயிலோ வால்வு ஒட்டிலோ கசிவு. நம் ஊர் வெப்பத்தில் வால்வின் பசை விட்டுப்போவது சாதாரணம். துணியைக் கையில் கசக்குங்கள். நல்ல துணி புதுத் தாள் போலச் சலசலக்கும். பல வருடம் துவைத்த வேட்டி போல் குழைந்தால் வெயில் அதைத் தின்றுவிட்டது. நான்கு கயிறுகளின் முனையையும் ஒரே கம்பத்தில் மாட்டி பாரைப் பிடித்து இழுங்கள். ஒன்று நீண்டிருந்தாலும் பட்டம் ஒரு பக்கமாகவே சாயும்.

கடைசியாக, ஹார்னஸில் மாட்டும் வளையத்தைக் கம்பத்தில் கட்டி, உங்கள் முழு எடையையும் போட்டுச் சாய்ந்துகொண்டு குயிக் ரிலீஸைத் தள்ளுங்கள். ஒரே தள்ளலில் கழன்றால்தான் அது பாதுகாப்பு. என் அக்கா மகன் இந்த ஒன்றை மட்டும் பார்க்காமல் வாங்கினான். உப்பும் மணலும் ஏறி இறுகிய ரிலீஸ் அவனுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் கழலவில்லை. தேசாரு கடற்கரை மணலில் முகம் குப்புற இழுபட்டுத் தோள்பட்டை விலகி, இரண்டு மாதம் வேலைக்குப் போகவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்துவிட்டான். மூன்று நாள் கைட் பயிற்சிக்கு 600 வெள்ளி கட்டினோம். தீபாவளி விடுமுறையில் நான்கைந்து மணி நேரம் காரில் போனோம், காற்று இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு வாரமும் அப்படியே. இப்போது ‘கட்டிய பணம் திரும்பாது’ என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, காற்று வராதது அவர்கள் குற்றம் அல்ல. ஆனால் வராத காற்றுக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, நாள் குறிப்பிடாத சேவையை நியாயமான காலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகளைத் தடுக்க 2010-இல் அதே சட்டத்தில் தனிப் பகுதியே சேர்த்திருக்கிறார்கள். ‘பணம் திரும்பாது’ என்ற ஒரு வரியைக் காட்டி யாரும் தப்பித்துவிட முடியாது.

முதலில் வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதுங்கள்: பருவத்துக்குள் வேறு மூன்று நாள், இல்லையென்றால் 600 வெள்ளி, பதில் சொல்ல இரண்டு வாரம். வாயால் பேசினால் சாட்சி இருக்காது. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. இரசீதும் வாட்ஸ்அப் உரையாடலின் நகலும் போதும். ஐந்து வெள்ளிக் கட்டணத்தில் நியாயம் கேட்கலாம் என்பது நம் மக்களில் பலருக்கு இன்னும் தெரியாமலே இருக்கிறது. தோட்டத்தில் நான்கு பேருக்காவது சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உடம்பில் காயம் பட்டதற்கு இந்த மன்றத்தில் இழப்பீடு கேட்க முடியாது. அதனால் அடுத்த முறை பணம் கட்டுமுன் பயிற்சியாளரின் ஐகேஓ (அனைத்துலகக் கைட் போர்டிங் அமைப்பு) அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். மாணவருக்கு ஹெல்மெட், மிதவைச் சட்டை தருகிறார்களா, ஒருவருக்கு எத்தனை மாணவர் என்றும் கேளுங்கள். மகனுக்கு நீச்சல் தெரியாவிட்டால் அதை முதலில் கற்கட்டும்.

நாளையும் மாற்றுங்கள். கிழக்குக் கரைக்குக் காற்று கொண்டு வருவது வடகிழக்குப் பருவக்காற்று, நவம்பர் முதல் மார்ச் வரை. தீபாவளி சமயத்தில் அது பெரும்பாலும் சரியாகத் தொடங்கியிருக்காது. டிசம்பரில் மழை, வெள்ளம், சாலை மூடல். பொங்கலுக்கு அப்புறம் போங்கள், காற்று சீராக இருக்கும். புறப்படுமுன் வானிலைத் துறையின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்று முதல் நிலை எச்சரிக்கை இருந்தால் கற்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றிலும் இறங்கக் கூடாது. பட்டம் விழுந்தால் ஆளைக் கரையை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய்விடும்.

கேள்வி: பழைய சர்ஃப் பலகை 400 வெள்ளிக்கு வருகிறது. ட்வின் டிப்பில் ஒரு வருடமாக ஓடுகிறேன். கைட்டுக்கு அது தாங்குமா?

பதில்: கொஞ்ச நாள் தாங்கும். கைட்டில் குதிகால் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருப்பதால் சாதாரணப் பலகையின் மேல்பரப்பு குழி விழும். கைட்டுக்கென்று செய்யும் பலகையில் அங்கே கூடுதல் அடுக்கு போட்டிருப்பார்கள். காலை மாற்றித் திரும்பப் பழகுவதற்கு என்றால் 400 வெள்ளி நியாயம், வாங்குங்கள். வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தூக்கிப் பார்த்து எடை அதிகமாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: கடையில் புதிதாக வாங்கிய பட்டம் மூன்றாவது வாரமே காற்று இறங்குகிறது. ‘கடலில் போடும் சாமானுக்கு உத்தரவாதம் கிடையாது’ என்கிறார் கடைக்காரர். அப்படியா?

பதில்: இல்லை. கடலுக்கென்றே விற்ற பொருள் கடலைத் தாங்க வேண்டும். ஏற்கத்தக்க தரம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, கடைக்காரர் வாய்மொழியாக அதை நீக்க முடியாது. ஆனால் கசிவு எங்கே என்பதில்தான் உங்கள் வழக்கு நிற்கும். பட்டத்தை ஊதி, சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுக, குறிப்பாக வால்வைச் சுற்றித் தடவுங்கள். வால்வின் ஓரத்தில் குமிழ் வந்தால் அது ஒட்டின் குறை, கடை சரிசெய்து தர வேண்டும். நடுக்குழாயில் ஓர் ஓட்டை, அதன் மேல் துணியிலும் கீறல் என்றால் கல்லோ முள்ளோ பட்டிருக்கிறது, அதைக் கடைமேல் போடாதீர்கள். குமிழ் வருவதைக் கைப்பேசியில் படம் எடுத்து இரசீதோடு அனுப்புங்கள். அவர் மறுத்தால் மேலே அம்மாவுக்குச் சொன்ன அதே மன்றம்தான்.

இணையத்தில் தனியாள் ஒருவர் தன் பழைய பட்டத்தை விற்றிருந்தால் இந்த வழி கிடையாது. சட்டம் பிடிப்பது வியாபாரமாக விற்பவரைத்தான். அங்கே நிழலில் ஊதிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.