வீட்டில் கட்டிய காருக்கு ஆர்சி கிடைக்குமா?

கேள்வி: நானும் நண்பரும் அவருடைய பட்டறையில் இரண்டு சீட் திறந்த கார் ஒன்று கட்டி வருகிறோம். சதுரக் குழாயில் நாங்களே வெல்டிங் செய்த சேஸிஸ், பழைய மாருதி 800-இன் எஞ்சின், கியர்பாக்ஸ். பாதி வேலை முடிந்துவிட்டது. பதிவு செய்ய ஆர்டிஓ ஆபீஸில் எந்த ஃபாரம் கொடுக்க வேண்டும்? - வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஃபாரம் 20. ஆனால் அதை மட்டும் நிரப்பிக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஏனென்றால் கூடவே 21, 22 என்று இன்னும் இரண்டு கேட்பார்கள். 21 விற்பனைச் சான்று, அது விற்றவர் கொடுப்பது. 22 என்பது இந்த வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தயாரிப்பாளர் கையெழுத்துப் போட்டுத் தருவது. தயாரிப்பாளர் நான்தானே, நானே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 126 இருக்கிறது. மாதிரி வண்டியைப் புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், நம்மூர் ஒரகடம் ஜிஏஆர்சி போன்ற சோதனை மையம் ஒன்றில் விட்டு ஒப்புதல் வாங்கியவர்தான் அதில் கையெழுத்துப் போடலாம்.

ஒரகடம் பக்கத்தில்தானே என்று கிளம்பிவிடாதீர்கள். 2020 ஏப்ரலிலிருந்து புது வண்டி என்றால் பிஎஸ்-6 என்கிற புகை விதிக்குள் வர வேண்டும். உங்கள் 800 கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் கதை வாசலிலேயே முடிந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ்ஸும் டிரைவர் ஏர்பேக்கும் 2019-இலேயே கட்டாயமாகிவிட்டன. அப்புறம் மோதல் சோதனை. லட்சம் வண்டி விற்கப்போகிற கம்பெனி நாலு வண்டியைச் சுவரில் மோதி உடைத்துக் காட்டும். நீங்கள் கட்டியதே ஒன்று, அதையும் உடைத்துவிட்டு எதைப் பதிவு செய்வீர்கள்?

800-இன் ஆர்சியை இதற்கு வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். கூடாது. அந்த ஆர்சியில் இருக்கும் சேஸிஸ் நம்பர் நீங்கள் வெட்டிப் போட்ட பாடியுடையது, உங்கள் குழாய்க்கூட்டுடையது இல்லை. நாளைக்கு யார்மீதாவது இடித்துவிட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் பார்ப்பார். அவர் கை கழுவினால் நஷ்ட ஈடு உங்கள் தலையில்தான்.

மகாராஷ்டிராவில் சாங்லி மாவட்டத்துக்காரர் ஒருவர் சுமார் 60,000 ரூபாய் செலவில், பைக் மாதிரி கிக்கர் உதைத்து ஸ்டார்ட் செய்யும் குட்டி ஜீப் ஒன்றைக் கட்டினார். 2021 கடைசியில் அந்த வீடியோ பரவியபோது மஹிந்திரா நிறுவனத் தலைவர் ஆனந்த் மஹிந்திரா ஆளைப் பாராட்டினார். ஆனால் பாராட்டிய கையோடு, இது விதிக்குப் பொருந்தாது, அதிகாரிகள் என்றைக்கானாலும் நிறுத்திவிடுவார்கள், பதிலுக்கு எங்கள் கம்பெனியின் பொலேரோ ஒன்று தருகிறேன் என்றும் சொன்னார். அடுத்த மாதமே மாற்றிக்கொண்டார்கள். அத்தனை பேர் பார்த்த வண்டிக்கே நம்பர் பிளேட்டைவிட பொலேரோ வாங்குவது சுலபமாக இருந்திருக்கிறது. உங்கள் காரைத் தாராளமாகக் கட்டி முடியுங்கள், நம்பர் பிளேட்டுக்கு மட்டும் இடம் விட வேண்டாம்.

கேள்வி: டப்வாலியிலிருந்து ஒரு ஜீப் வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆர்சி பக்காவாக இருக்கிறது என்கிறார் புரோக்கர். நம்பலாமா? - பெயர் வேண்டாம், கரூர்

பதில்: ஆர்சி பக்காவாகத்தான் இருக்கும். அது அந்த ஜீப்பினுடையதா என்று பாருங்கள். ஹரியானா, பஞ்சாப் எல்லையில் இருக்கும் மண்டி டப்வாலி, ராணுவம் கழித்த ஜீப் பாகங்களையும் புதிதாக அடித்த பாடியையும் சேர்த்து ஜீப் கட்டுவதற்குப் பேர் போன ஊர். வேலை அழகாகவே இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கட்டிய ஜீப்பை அப்படியே பதிவு செய்ய வழி இல்லாததால், எங்கோ செத்துப்போன ஜீப்பின் பேப்பரை இதற்கு மாட்டிவிடும் பழக்கம் உண்டு.

போகும்போது ஒரு பென்சிலும் வெள்ளைத் தாளும் எடுத்துப் போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் செய்வதுபோல சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துத் தேய்த்தால், கம்பெனியில் அடித்த நம்பர் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் விழும். நான் பார்க்கப் போன ஒரு ஜீப்பில் இரண்டு எண்கள் மட்டும் மற்றதைவிட அரை நூல் மேலே ஏறி நின்றன. சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய தடம், அதன்மேல் ஈரம் காயாத கறுப்பு பெயிண்ட். டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பேப்பர் அதே ஜீப்பினுடையதுதான் என்றாலும் இன்னொரு சிக்கல் உண்டு. தயாரிப்பாளர் சொன்ன வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அகல டயர், வேறு எஞ்சின், வெட்டிய பாடி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். பழைய லோட்டஸ் செவன் ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி, பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்கிற கிட் கார் ஒன்றை, யாரோ பாதி கட்டி விட்டதை, வாங்கியிருக்கிறேன். இங்கே பதிவு செய்ய முடியும் என்கிறார்களே? - வாசகர், ஹாரோ

பதில்: முடியும், கொடுத்து வைத்தவர் நீங்கள். 1957-இல் செவன் வந்தபோது, முழுக் காருக்கு இருந்த விற்பனை வரி பாகமாக வாங்கினால் கிடையாது. வரியை மிச்சம் பிடிக்கத்தான் அத்தனை பேர் வீட்டில் கார் கட்டினார்கள். 1973-இல் வாட் வந்து அந்தச் சலுகை போனது, பழக்கம் போகவில்லை. அதனால் தன் சொந்த உபயோகத்துக்குக் கட்டுகிறவருக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. ஐவிஏ என்கிற ஒற்றை வண்டிச் சோதனை அது. எதையும் மோதி உடைக்க மாட்டார்கள், ஆனால் விளிம்பு விளிம்பாகப் பார்ப்பார்கள். வெளிப்புறத்தில் 100 மில்லிமீட்டர் உருண்டை தொடுகிற இடமெல்லாம் விளிம்பு குறைந்தது 2.5 மில்லிமீட்டர் வளைந்திருக்க வேண்டும். போல்ட் தலைக்கெல்லாம் பிளாஸ்டிக் தொப்பி, தகட்டு ஓரத்துக்கெல்லாம் ரப்பர் பட்டி வாங்கி வையுங்கள். இந்த மாதிரி இலேசான கார்கள் வழுக்குகிற இன்னொரு இடம் ஸ்டியரிங்: திருப்பிக் கையை விட்டால் தானாக நேரே வர வேண்டும். ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. புகை அளவு எஞ்சினின் வயதைப் பொறுத்தது, அதனால் வயதுக்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாதி கட்டி விட்டவரிடம் பில், போட்டோ எதுவாக இருந்தாலும் இப்போதே கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாவிட்டால் அங்கே வண்டி பதிவு செய்யும் டிவிஎல்ஏ, வயதோ மூலமோ தெரியாத வண்டி என்று காட்டும் க்யூ எழுத்து நம்பர்தான் கொடுக்கும். ஓட்டத் தடை இல்லை, விற்கும்போதுதான் விலை அடி வாங்கும். முன்பதிவு செய்த சோதனைக்கு, சேஸிஸ் நம்பரில் இன்சூரன்ஸ் எடுத்து, நீங்களே ஓட்டிக்கொண்டு போகலாம்.

கேள்வி: பதிவே வேண்டாம், எங்கள் தென்னந்தோப்புக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்றால்? - வாசகர், உடுமலை

பதில்: தோப்பு என்னுடையது, யார் கேட்பது என்று அலட்சியமாக இருக்க முடியாது. பதிவில்லாமல் ஓட்டக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பொது இடம் என்பதோடு நிற்காமல் "வேறு எந்த இடத்திலும்" என்றும் சொல்கிறது. ஆனால் தொழிற்சாலைக்குள்ளோ அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்றே செய்த தனி வகை வண்டி, சட்டத்தின் கணக்கில் மோட்டார் வாகனமே இல்லை. ஆகவே தோப்புக்கு வேலி, கேட் எல்லாம் இருக்கட்டும், வண்டி கேட்டைத் தாண்டவே வேண்டாம். வேகமாக ஓட்ட ஆசை என்றால் உங்களுக்குச் செட்டிபாளையம் தூரமில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார் கட்டிய கோவை கரிவர்தனின் பெயரில் அங்கே ரேஸ் டிராக் இருக்கிறது. என்ன வண்டியை உள்ளே விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டு போங்கள். அந்த டிராக் வரைக்கும் வண்டியை டெம்போவில் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.