வாசகர் கேள்விகள்: சதுப்பு நிலமும் சாக்கடையும் நம் கவுன்சிலரும்

சென்ற இதழில் "பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் ஒரு பொது வசதி என்று மாநகராட்சி கணக்கில் எழுத வேண்டும்" என்று நாலு வரி எழுதிவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி சந்தேகம். திட்டுகளைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். சந்தேகங்களுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: பள்ளிக்கரணையில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறோம். சொத்து வரி, குடிநீர் வரி எதிலும் பாக்கி வைத்ததில்லை. தெருவில் ஒழுங்கான சாலை கிடையாது, பாதாளச் சாக்கடை பாதியில் நிற்கிறது. என்ன கேட்டாலும் சதுப்பு நிலம், பறவை என்கிறார்கள். மனுஷனுக்கு அப்புறம்தானே சார் பறவை?
(ஒரு வாசகி, பள்ளிக்கரணை)

பதில்: சரிம்மா, பறவையை விட்டுவிடுவோம். இந்தப் பதில் முடிகிறவரை ஒரு கொக்குகூட வராது, தண்ணீரை மட்டும் பார்ப்போம்.

தென்சென்னையில் ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை கடைசியில் உங்கள் ஊர்ப் பக்கம்தான் வருகிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கு, அதுவும் நிரம்பினால் சதுப்புக்கு. ஆதம்பாக்கம், வேளச்சேரித் தண்ணீர் வீராங்கல் ஓடை வழியாக வரும். இப்படி நாலாபக்கமும் வந்து சேர்ந்த தண்ணீர் வெளியேற ஒக்கியம் மடுவு என்று ஒரு வாசல்தான், அதைத் தாண்டிப் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கோவளம் பக்கம் கடல். கடலும் உடனே வாங்கிக்கொள்ளாது, ஓதம் ஏறியிருந்தால் காக்க வைக்கும். அதுவரை அத்தனை தண்ணீரும் எங்கேயாவது தங்க வேண்டுமே? தங்கிக்கொண்டிருந்த இடம்தான் நீங்கள் சொல்கிற சதுப்பு நிலம். பழைய ஆட்கள் கழுவெளி என்பார்கள். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது, இப்போது அதில் பத்தில் ஒரு பங்குதான் உருப்படியாக மிஞ்சியிருக்கிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இடம் சுருங்கிவிட்டது, மழை சுருங்கவில்லை.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் என் சித்தப்பா வீடு, தரைத்தளம். வாசலில் மணல் மூட்டை அடுக்கி, கதவு இடுக்கில் பழைய வேட்டியைத் திணித்துவிட்டு டார்ச் லைட்டோடு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வாசல் பக்கமே வரவில்லை. குளியலறைச் சல்லடை மூடியைத் தூக்கிக்கொண்டு, கறுப்பாக, கீழேயிருந்து வந்தது. சித்தி ஓடிப்போய் அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தார், கல்லைச் சுற்றிக்கொண்டு வந்தது. விடிவதற்குள் கட்டில் மட்டம். கார் மட்டும் தப்பித்தது, முதல் நாளே மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். (மழைக்காலத்தில் வேளச்சேரி மேம்பாலம் பாலமா பார்க்கிங்கா என்று கேட்டால் ஊரே சிரிக்கும்.)

அதனால் சாலை கேளுங்கள், சாக்கடை கேளுங்கள், வரி கட்டுகிறவருக்கு அந்த உரிமை முழுசாக உண்டு. ஆனால் கேட்கும்போதே சேர்த்துக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுவீர்களா, இல்லை அதன்மேலேயே இன்னொரு அடுக்கா? மேலேயே போட்டால் இரண்டு தடவைக்குள் உங்கள் வாசற்படி பள்ளமாகிவிடும். மழைநீர் வடிகால் எங்கே போய்ச் சேருகிறது, அந்த இடம் இதைவிடத் தாழ்வா? சாலைக்கு அடியில் தண்ணீர் குறுக்கே போகச் சிறுபாலம் உண்டா? இதையெல்லாம் கேட்காமல் வாங்குகிற வசதி முதல் பெருமழைவரைதான் வசதி.

கேள்வி: மற்றவர்களுக்குச் சதுப்பு நிலப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிற மாநகராட்சியே பெருங்குடியில் குப்பை கொட்டியது என்ன நியாயம்?
(ஒரு வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: நியாயம் எதுவும் இல்லை. ஆனால் காரணம் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. நகரம் பெருத்தபோது குப்பைக்கு இடம் வேண்டும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் வேண்டும், பறக்கும் ரயிலுக்கு இடம் வேண்டும், ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு இடம் வேண்டும். யாரையும் காலி செய்யச் சொல்லாமல், யாருக்கும் இழப்பீடு கொடுக்காமல் எடுக்கக்கூடிய நிலம் எது என்று வரைபடத்தைப் பார்த்தால் இதுதான் கண்ணில் படும். வெயிலில் வெடித்துக் கிடக்கும்போது பார்த்தால் தரிசு மாதிரிதானே இருக்கும்! இந்த நான்கும் சதுப்பிலேயே வந்து உட்கார்ந்தது அப்படித்தான். தனியார் ஆக்கிரமிப்பு என்று கூச்சல் போடுவதற்கு முன்னால் இதையும் சொல்லியாக வேண்டும், வழி காட்டியதே அரசுத் துறைகள்தான்.

பெருங்குடியில் 1980களில் கொட்ட ஆரம்பித்தது 200 ஏக்கருக்கு மேல் பரவியது. 2022 ஏப்ரலில் அந்த மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும், அந்த வாரம் துரைப்பாக்கத்தில் துணி காயப்போட்டவர்களைக் கேட்டுப்பாருங்கள். இப்போது பயோமைனிங் நடக்கிறது. பெயர்தான் பெரிசு, வேலை நம் வீட்டில் அரிசி சலிப்பதுதான். பழைய குப்பையைத் தோண்டி, உலர்த்தி, பெரிய சுழல் சல்லடைகளில் விட்டு மண்ணைத் தனியாக, கல்லைத் தனியாக, பிளாஸ்டிக்கையும் துணியையும் தனியாகப் பிரிக்கிறார்கள். எரியக்கூடியது சிமெண்ட் ஆலைக்குப் போகிறது.

மீளும் நிலத்தை என்ன செய்வது என்பதுதான் அசல் சண்டை. பூங்கா வைக்கலாம், இன்னொரு குப்பை ஆலை வைக்கலாம், எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. என் ஓட்டு, பள்ளமாக்கித் தண்ணீரிடமே திருப்பிக் கொடுப்பதற்கு. உடனே "அப்போ நாளைய குப்பை எங்கே போகும்?" என்று அதிகாரிகள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. சென்னையில் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் சேருகிறது. வார்டுக்குள்ளேயே உரமாக்கும் கொட்டகை வைக்கலாம் என்றால், எங்கள் தெருவில் வேண்டாம், நாறும் என்று முதலில் மனு கொடுப்பது நாம்தான். போன மாதம் என் தெருக்காரர்களும் கொடுத்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

கேள்வி: ஒரு கவுன்சிலரால் இதையெல்லாம் தடுக்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.
(ஒரு கல்லூரி மாணவர், மேடவாக்கம்)

பதில்: தனியாக முடியாது. பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கையில், ஏரி நீர்வளத் துறை கையில், சதுப்பின் ஒரு பகுதி வனத் துறை கையில், கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் கையில். மாமன்றத்துக்குச் சாலை, வடிகால், குப்பை, பூங்கா. ஆனால் பாருங்கள், சதுப்பை நிரப்புவது பெரும்பாலும் இந்த நான்கும்தான்! அதனால் சாதாரண வார்டுக் கூட்டத்துக்கு நீங்கள் நினைப்பதைவிட வலு அதிகம்.

இன்னொன்று. பள்ளிக்கரணை உள்ளிட்ட 42 உள்ளாட்சிகள் 2011இல் சென்னையோடு சேர்ந்தன, 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆனது. அப்புறம் 2016 கடைசியிலிருந்து 2022 தொடக்கம்வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. புறநகர் மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்தபோது, கேள்வி கேட்கவேண்டிய நாற்காலிகள் ஐந்து வருடத்துக்கு மேல் காலி. இப்போது பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று இருக்கிறது, நம் ஆட்கள் யாரும் போவதில்லை. நான் ஒன்றுக்குப் போனேன். தெருவிளக்கு பற்றி முக்கால் மணி நேரம், நாய் பற்றி அரை மணி நேரம், வடிகால் பற்றிப் பேச ஆரம்பித்தபோது டீ வந்துவிட்டது. நீங்கள் போனால் டீக்கு முன்னால் பேசிவிடுங்கள். முடிந்தால் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள், "எங்கள் ஏரியா" என்று எழுதினால் யாருக்கும் புரியாது.

கேள்வி: ஒரு கிலோமீட்டர் தடையால் என் பிளாட்டின் அனுமதி நின்றுவிட்டது, வங்கி வட்டி ஓடுகிறது. நான் வாங்கியது பட்டா நிலம். இது அநியாயம் இல்லையா?
(ஒரு வாசகர், பெரும்பாக்கம்)

பதில்: உங்கள் அளவில் அநியாயம்தான், சந்தேகமே இல்லை. நடந்தது இது: 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், ஏறியபோது பரப்பு ஏறக்குறைய 1,248 ஹெக்டேர். இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற நிலத்தில் எது நீர், எது பட்டா, எது வெறும் காகிதத்தில் பட்டா என்று தரையில் இறங்கி எல்லைக்கல் நட்டிருக்க வேண்டும். அது இழுத்துக்கொண்டே போனதால் 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, எல்லையும் தாக்க மண்டலமும் (சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) தெளிவாகும்வரை ராம்சார் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி கொடுக்காதே என்றது. கோடு போடவேண்டியவர்கள் போடாததற்கு நீங்கள் வட்டி கட்டுகிறீர்கள். கோபம் அந்தத் தாமதத்தின்மேல் இருக்கட்டும், தீர்ப்பாயத்தின்மேல் வேண்டாம். ஒரு கிலோமீட்டர் கடைசியில் இடத்துக்கு இடம் கூடலாம், குறையலாம். உங்கள் இடம் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், சென்னைப் பெருந்திட்டத்தின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன நிறம் என்றும் பாருங்கள். பட்டா இருந்தால் தண்ணீர் வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஏரியைச் சுற்றி நடைபாதை, விளக்கு, ஊஞ்சல் எல்லாம் வரப்போகிறது. சுற்றுச்சூழல் ஆட்கள் சிலர் முட்டுக்கட்டை போடுகிறார்கள். காலையில் நடக்கக்கூடாதா?
(மூத்த குடிமகன், தாம்பரம்)

பதில்: தாராளமாக நடங்கள் ஐயா. ஒரு பக்கக் கரையில் மட்டும் நடங்கள். சுற்றிலும் செங்குத்தாகக் கல் பதித்தால் ஏரி கிணறு மாதிரி ஆகிவிடும், முழங்கால் ஆழத்தில் நின்று மீன் பிடிக்கிற நாரைக்கும் கொக்குக்கும் நிற்க இடம் இருக்காது, நாணல் போய்விடும், இரவெல்லாம் விளக்கு எரிந்தால் மிச்சமிருப்பவையும் போய்விடும். வனத் துறை 2021இல் பள்ளிக்கரணையில் திறந்த பூங்காவைப் போய்ப் பாருங்கள், ஓர் ஓரத்தோடு நடைபாதை முடிந்துவிடுகிறது, மற்றதைத் தள்ளி நின்று பார்க்கலாம். அதைவிட முக்கியம் வரத்துக்கால்வாய். ஊஞ்சலுக்கு மதிப்பீடு போட்டவர்கள் அதைத் தூர்வார எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பூநாரை பார்க்க எப்போது வரலாம்? குழந்தைகளைக் கூட்டி வருகிறேன்.
(ஒரு வாசகி, வேலூர்)

பதில்: இப்போது பறவை வரலாம். மழை முடிந்து தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கிய பிறகு, தை மாசி வாக்கில், காலை ஏழு மணிக்குள் வாருங்கள். பூநாரை அந்த வருடத் தண்ணீரைப் பார்த்துத்தான் வரும், உத்தரவாதம் கிடையாது. நீலத் தாழைக்கோழிக்கு உத்தரவாதம் தருகிறேன்: சம்புத் தண்டை ஒரு காலில் பிடித்து, கரும்பு கடிக்கிற மாதிரி உரித்துத் தின்னும். குழந்தைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். சதுப்பை ஒட்டிப் போகும் ரேடியல் ரோட்டில் காரை நிறுத்தாதீர்கள், லாரிக்காரர் பறவை பார்க்க வரவில்லை.

கேள்வி: மழை விட்டதும் வீட்டுக்குள் கண்ணாடி விரியன் வந்துவிட்டது. அடிக்கவும் பயம், விடவும் பயம்.
(ஒரு வாசகர், ஜல்லடியன்பேட்டை)

பதில்: அடிக்கப் போனால் கடிபடுகிற ஆபத்துதான் அதிகம். எல்லாரும் வெளியே வந்து, அறைக் கதவைச் சாத்தி, அடி இடுக்கில் ஈரத்துணியைச் செருகிவிட்டு வனத் துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ போன் செய்யுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை. அவர்கள் வந்து பிடித்துச் சாக்கில் போட்டதும் எங்கே விடுவீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். உங்கள் பக்கத்துக் காலி மனை, நீங்கள் வீடு கட்டுவதற்கு முன்னால், அது குடியிருந்த இடமாகக்கூட இருக்கலாம்.