பனிக்காலத் திருமணத்துக்கு என்ன பூ? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மகளின் திருமணம் தை மாதத்தில், ஜனவரி கடைசி வாரம் டொராண்டோவில் நடக்கவிருக்கிறது. சடங்குகள் மண்டபத்துக்குள்தான். ஆனால் பனியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மணமக்களின் ஆசை. மல்லிகைச் சரமும் ரோஜா மாலையும் அந்தக் குளிரைத் தாங்குமா? (வாசகி, மார்க்கம், கனடா)

பதில்: மார்கழி கழிந்து தை பிறந்ததும் முகூர்த்தம் பார்ப்பது நம் வழக்கம், டொராண்டோவின் கடுங்குளிரும் அந்த வாரங்களில்தான் வருகிறது. இரவில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். பூவிதழில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அது உறையும்போது உண்டாகும் பனித்துகள்கள் செல்களின் சவ்வைக் கிழித்துவிடுகின்றன. வெளியே நிற்கும்வரை மல்லிகை விறைத்து நிற்பதால் ஒன்றும் ஆகவில்லை என்றே தோன்றும். உள்ளே வந்து சூடு பட்ட சிறிது நேரத்தில் இதழ்கள் கண்ணாடிபோல் நிறமிழந்து, பிறகு பழுப்பேறித் துவண்டுவிடும். தமிழ்நாட்டிலேயே மல்லிகை விளைச்சல் குறைந்து விலை ஏறியிருக்கும் பருவம் அது. விமானத்தில் வரவழைத்த சரம் வாடிப்போனால் உடனே வேறு சரம் கிடைப்பது கடினம்.

எல்லாப் பூக்களும் குளிருக்கு ஒரே மாதிரி அஞ்சுவதில்லை. ரோஜா, சாமந்தி, கார்னேஷன் ஆகியவற்றைப் பூ வியாபாரிகள் 0 முதல் 2 டிகிரியில்தான் பாதுகாக்கிறார்கள். ஆர்க்கிட், ஆந்தூரியம் போன்ற வெப்பநாட்டுப் பூக்களோ 10 டிகிரிக்குக் கீழே போனாலே, உறையாமலேயே, கெடத் தொடங்கும். மாலையில் சேர்த்துக் கட்டும் துளசியும் அப்படியே கருத்துவிடும். எனவே இரண்டு தொகுதிகளாகத் திட்டமிடுங்கள். மாலை மாற்றிய மாலைகளும் கூந்தல் மல்லிகையும் மண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெளிப்படத்துக்கென்று சாமந்தியும் ரோஜாவும் கட்டிய தனி மாலைகளையும், சிடார் தழையோடு வின்டர்பெரிக் கிளைகள் சேர்த்த கைச்செண்டு ஒன்றையும் செய்யச் சொல்லுங்கள். வின்டர்பெரி கிழக்குக் கனடாவின் சொந்தச் செடி; இலையுதிர்ந்த கிளை முழுவதும் சிவப்புக் கனிகள் ஒட்டியிருக்கும். சாமந்தியும் ரோஜாவும்கூட உறைநிலைக்குக் கீழே நெடுநேரம் தாங்காது என்பதால், படப்பிடிப்பைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவது நல்லது. ஜனவரிக் கடைசியில் மாலை ஐந்தரை மணியளவில் அங்கே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் நேரம் குறிக்கும்போது மறந்துவிட வேண்டாம்.

கேள்வி: பனியின் வெண்மைக்குப் பொருத்தமாக எல்லாமே வெள்ளைப் பூவாக வைக்கலாம் என்கிறாள் மகள். அது எடுப்பாக இருக்குமா?

பதில்: மண்டபத்துக்குள் இருக்கும், பனியின்மேல் இருக்காது. வெள்ளை ரோஜா உண்மையில் லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. நீலச்சாயல் கொண்ட புதுப்பனியின் பக்கத்தில் அது பழசாகிப்போன பூப்போலத் தெரியும். மகளின் விருப்பத்தை முற்றிலும் விட்டுவிடவும் வேண்டியதில்லை. நடுவில் கறுத்த அனிமோன் பூவை வெள்ளை ரோஜாவோடு சேர்த்து, சுற்றிலும் அடர்பச்சைத் தழை கொடுத்தால் வெண்மை துலங்கும். ஆனாலும் என் மனம் அடர்சிவப்புக்கும் சாமந்தியின் மஞ்சளுக்குமே போகிறது. கூரைப்புடவையின் சிவப்போடு அவை சேரும். சாம்பல் நிற வானத்தின் கீழும் மங்காது. தழைக்கு ஸ்புரூஸ் மட்டும் வேண்டாம். சூடான அறைக்குள் அதன் ஊசியிலைகள் விரைவில் உதிர்ந்து மணவறை முழுவதும் சிதறும். ஃபர் என்னும் ஊசியிலை மரத்தின் கிளைகள் உதிராமல் நிற்கும்.

கேள்வி: பூக்களை எப்படி எடுத்துச் செல்வது? மண்டபத்தில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: பூக்களை அட்டைப்பெட்டியில் மெல்லிய தாள் சுற்றி வைத்து, வண்டியை முன்கூட்டியே சூடேற்றிய பிறகு ஏற்றுங்கள். சீர்வரிசைத் தட்டுகளில் வைக்கும் வாழைப்பழமும் மாம்பழமும் அதே வண்டியில் வரக்கூடாது. பழுக்கும் பழங்களிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மூடிய இடத்தில் சேர்ந்தால் கார்னேஷன் இதழ்கள் உட்புறமாகச் சுருண்டு, திரும்ப விரியாமலே போய்விடும். பூவுக்கு ஒரு வண்டி, பழத்துக்கு ஒரு வண்டி என்று முன்பே பிரித்துச் சொல்லிவிடுங்கள்.

மண்டபத்தின் வெப்பக்காற்று ஈரப்பசை இல்லாதது. அது வரும் துவாரத்துக்கு நேரே மணவறைப் பூக்களை அமைக்க வேண்டாம். வாசலுக்கு வெளியே கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பூ வைப்பதும் ஆபத்து. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் ஜாடி வெடித்துவிடக்கூடும். மணல் நிரப்பிய தொட்டியில் ஃபர், வின்டர்பெரிக் கிளைகளைச் செருகினால் போதும். சிவப்புக் கனிகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும் என்பதால், வின்டர்பெரி, ஹாலிச் செடி, யூ மரம் ஆகிய மூன்றின் கனிகளையும் சாப்பாட்டு மேசையிலோ, பூத்தட்டு ஏந்திவரும் சிறுமிகளின் கையிலோ வைக்க வேண்டாம். மூன்றும் தின்னத்தகாதவை, யூ மரத்தின் இலையும் விதையும் கொடிய நஞ்சு.