வாசகர் கேள்வி பதில்: செர்ரி மரத்துல பீரங்கியா?

கேள்வி: சார், செர்பியாக்காரங்க துருக்கிப் படைய எதிர்க்க மரத்துலயே பீரங்கி செஞ்சாங்கன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. நிஜமா, இல்ல சும்மா அடிச்சு விடுறாங்களா?

பதில்: வாட்ஸ்அப்ல அத்திப் பூத்த மாதிரி ஒரு நிஜம் வந்திருக்கு, விடாதீங்க. 1804ல ஆரம்பிச்ச முதல் செர்பியக் கிளர்ச்சி அது. செர்ரி மரத்து அடிமரத்த நடுவுல குடைஞ்சு, மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு பட்டா அடிப்போம்ல, அது மாதிரி வெளிய இரும்பு பட்டா போட்டு இறுக்கிருவாங்க. கொஞ்சம் தடவ சுட்டா பிளந்துக்கும், பக்கத்துல நிக்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

ஆனா மர பீரங்கிய மட்டும் பேசிட்டு நம்மாளுங்க முக்கியமான விஷயத்த விட்டுடுறாங்க. அது பன்னி வியாபாரம்! கிளர்ச்சி கிளம்புன செர்பியப் பகுதி ஷுமாதியா, அப்படின்னா காட்டு நாடுன்னு அர்த்தம், ஓக் மரக் காடு, கீழ கொட்டுற கொட்டைய தின்னு கொழுத்த பன்னிங்கள சாவா, டான்யூப் ஆத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவுக்கு ஓட்டிட்டுப் போய் வித்துட்டு வருவாங்க, அதனால வியாபாரிங்க கையில காசு இருந்துச்சு, அக்கரையில ஆள் பழக்கம் இருந்துச்சு, ராத்திரியில எங்க ஆத்த தாண்டலாம்னு தெரியும், பன்னி போன அதே வழியில அப்புறம் வெடிமருந்து வந்துச்சு. தலைவரா வந்த கரஜோர்ஜேவும் பன்னி வியாபாரிதான். 'கரா'ன்னா துருக்கியில கருப்பு. 1788ல ஆஸ்திரியா துருக்கியோட மோதுனப்போ ஆஸ்திரியா பக்கம் தன்னார்வப் படையில சேர்ந்து சண்டை போட்டவர், அதனால ஒரு படை எப்படி நடக்கும்னு கண்ணால பார்த்திருக்கார்.

இன்னொண்ணு, அவங்க முதல்ல எந்திரிச்சது சுல்தானுக்கு எதிரா இல்ல. சுல்தான் பேச்சையே மதிக்காத நாலு ஜானிசரி (துருக்கிக் காலாட்படை) தலைவனுங்க பெல்கிரேட புடிச்சு வச்சுக்கிட்டு, 1801ல சுல்தான் வச்ச பாஷாவையே, அதாவது ஆளுநரையே, கொன்னுட்டானுங்க. செர்பியாக்காரங்க வசந்தத்துல கிளம்பலாம்னு ரகசியமா ஆயுதம் சேர்க்கிறது தெரிஞ்சதும், 1804 தொடக்கத்துல ஊர்த் தலைவருங்கள தேடித்தேடி தலைய வெட்டுனானுங்க. அந்தப் பக்கம் காட்டுக் கொள்ளைக்காரங்க கூட மரத்துல இலை வந்த அப்புறம்தான் ஒண்ணு சேருவாங்க, ஒளியிறதுக்கு மறைவு வேணும்ல. இவங்களுக்கு காத்திருக்க நேரமே இல்ல, பிப்ரவரி குளிர்ல ஓரஷாட்ஸ் ஊர்ல ஒரு ஓடைப் பள்ளத்துல கூடிட்டாங்க.

அங்க யாரு தலைவர்னு பேச்சு வருது. கிளாவாஷ்ங்கிற கொள்ளைக்காரர், நான் கொள்ளையடிக்கிறவன், என் பின்னாடி வந்தா ஊர் என்ன சொல்லும்னு ஒதுங்கிட்டார். ஊர்த் தலைவர் ஒருத்தரும் கழண்டுக்கிட்டார். கரஜோர்ஜே, எனக்கு கோவம் வந்தா கொன்னே போட்டுருவேன், நான் வேணாம்னாராம். அப்படி ஆள்தான் இப்ப வேணும்னு அவரையே போட்டுட்டாங்க!

கேள்வி: சரி சார், பெரிய படை வந்தப்போ என்ன பண்ணாங்க?

பதில்: மண்ணு வெட்டுனாங்க. 1805ல இவான்கோவாட்ஸ்ல சுல்தானோட படையவே தடுத்து நிறுத்திட்டாங்க, அதோட சுல்தான் பேரச் சொல்லி சண்டை போடுற நாடகம் முடிஞ்சது. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல ஷபாட்ஸ் பக்கத்துல மிஷார்ங்கிற இடத்துல, போஸ்னியாலேர்ந்து இவங்கள விட பெரிய படை வருதுன்னு தெரிஞ்சு கரஜோர்ஜே மண் கோட்டை ஒண்ணு கட்டி காலாள்கள உள்ள வச்சார், குதிரைப் படைய பக்கத்து கிதோக் காட்டுல ஒளிச்சு வச்சார். எதிரி ரொம்ப கிட்ட வர்ற வரைக்கும் உள்ள ஒருத்தனும் சுடக்கூடாதுன்னு ஆர்டர். கிட்ட வந்ததும் வரிசையா சுட்டாங்க, எதிரி குழம்புன நேரத்துல காட்டுலேர்ந்து குதிரைங்க முதுகுப் பக்கமா பாய்ஞ்சது. காட்டுக்குள்ள இருந்த தளபதிங்கள்ல லூக்கா லாசரெவிச்னு ஒருத்தர், தொழில் என்னன்னா பாதிரியார்!

கேள்வி: மண்டை ஓட்டுக் கோபுரமும் இதே சண்டைதானா?

பதில்: இதே கிளர்ச்சிதான், சண்டை வேற. 1809 மே, நிஷ் பக்கத்துல செகர் மேடு. தளபதிங்களுக்குள்ள யாரு பெரியவன்னு சண்டை, அதனால மேட்டுல இருந்த செர்பியத் தளபதி சிஞ்செலிச்சுக்கு உதவிக்கு யாரும் வரல. கடைசில எதிரி உள்ள நுழைஞ்சதும் வெடிமருந்து கிடங்குலயே சுட்டு எல்லாரையும் சேர்த்து வெடிச்சுட்டார். துருக்கித் தளபதி செத்தவங்க மண்டை ஓட்ட வச்சு கோபுரம் கட்டுனார். மொத்தம் 952, இப்ப 58தான் மிச்சம்.